எம்.ஜி.ஆரின் முதல் படத்தில் நம் தேயிலைத் தோட்டமா?

நாவலப்பிட்டி பேரன்:
எம்.ஜி.ஆர் 1917-ல் எங்கள் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத் தாத்தா ஒருவர் அதற்கும் மேலே போகிறார். எம்.ஜி.ஆரின் முதல் படத்திலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டம் வருகிறதாம், அதில் தோட்டத்து ஆளாக நடித்ததும் அவர்தானாம். உண்மையா?

ஹட்டன் வாத்தியார்:
பாதி சரி தம்பி. படம் 'சதி லீலாவதி', 1936. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், கதை எஸ்.எஸ்.வாசனுடையது. எம்.ஜி.ஆருக்கு இன்ஸ்பெக்டர் வேஷம், சின்னதுதான். என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் இருந்தார், பாலையாவுக்கு அதுவே முதல் படம். தோட்டத்துக்கு வருகிறவர் கதாநாயகன் எம்.கே.ராதா. குடித்துச் சீரழிந்து, நண்பனைக் கொன்றுவிட்டதாகப் பயந்து, சென்னையிலிருந்து ஓடிவந்து இங்கே கூலியாகச் சேருகிறார்.

எனக்கு ஒரு குறை. கதையில் அவருக்குப் புதையல் கிடைக்கிறது, தோட்ட முதலாளி அவரைப் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்கிறார்! எந்தத் தோட்டத்தில் ஐயா நடந்தது இது? நம் ஆட்கள் மண்வெட்டி பிடித்து மலை மலையாகக் கொத்தியும் ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணியின் கணக்கில் கடன்தான் ஏறியது. இருந்தாலும் 1936-லேயே நம்மைப் படத்தில் காட்ட நினைத்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

பூண்டுலோயா செல்வி:
அப்புறம் அந்த எம்.கே.ராதா என்ன ஆனார் சார்? ராதா என்றாலே எல்லாருக்கும் எம்.ஆர்.ராதாதான்.

ஹட்டன் வாத்தியார்:
அவர் வேறு, இவர் வேறு மகள். இவர் நாடகக்காரர் வீட்டுப் பிள்ளை, அப்பா கந்தசாமி முதலியார் நாடக ஆசிரியர். 1948-ல் 'சந்திரலேகா' வந்தபோது முரசு நடனத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. கடைசிக் கத்திச் சண்டையில் வில்லன் ரஞ்சனுக்கு ஈடுகொடுத்தவர் நம் ராதா. அடுத்த வருடம் 'அபூர்வ சகோதரர்கள்', இரட்டை வேடம். ஒருவனுக்கு அடிபட்டால் எங்கோ இருக்கும் மற்றவனுக்கு வலிக்கும். அடிப்பவன் யாரும் எதிரே இல்லாமல், துடிக்கிற முகத்தை மட்டும் வைத்து நம்மை நம்ப வைக்க வேண்டும். நம்ப வைத்தார். பிறகு மெல்லக் குணச்சித்திர வேடங்களுக்குப் போனார், 1985-ல் காலமானார்.

அந்த 'அபூர்வ சகோதரர்கள்' கதையைத்தான் 1971-ல் 'நீரும் நெருப்பும்' என்று எம்.ஜி.ஆர் இரட்டை வேடத்தில் செய்தார். என் ஓட்டு ராதாவுக்கு. ரசிகர்கள் கல்லெறிய வேண்டாம்.

கொத்மலை ரசிகன்:
உங்களுக்குத் துணிச்சல்தான் சார். ஆனால் எங்களுக்கு வாத்தியார் என்றால் ஒருவர்தான், அவர் ஹட்டனில் இல்லை.