ஸ்விஃப்ட் டிக்கியில் இடம் போகாமல் சப்வூஃபர் பெட்டி செய்ய முடியுமா?

மேலூர்க்காரன்:
10 அங்குல சப்வூஃபர் (கனமான பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் வாரம் 2 தடவை மல்லிகைப்பூ மூட்டைகளை மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு இதே காரில்தான் கொண்டு போகிறோம், டிக்கியைப் பெட்டியே அடைத்துக்கொண்டால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். என்ன செய்யலாம்?

திருமங்கலம் ஆடியோ பிரியன்:
தம்பி, ஓட்டை வைத்த போர்ட்டட் பெட்டியை மறந்துவிடுங்கள், அதற்கு இடம் அதிகம் வேண்டும். ஓட்டையே இல்லாமல் மூடிய சீல்டு பெட்டி போதும். சப்வூஃபரோடு வந்த தாளில் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும், அதுதான் கணக்கு. உதாரணமாக 20 லிட்டர் என்றால் உள்ளளவு 40×30×17 செ.மீ. வரும். 18 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகை என்றால் வெளியளவு நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றிலும் 3.6 செ.மீ. கூடும், அப்புறம் ஸ்பீக்கரின் காந்தம் உள்ளே அடைக்கிற இடத்தையும் உள்ளளவிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

மேலூர்க்காரன்:
சரி அண்ணே. ஆனால் 17 செ.மீ. ஆழத்தில் ஸ்பீக்கர் உட்காருமா?

திருமங்கலம் ஆடியோ பிரியன்:
அதன் ஆழத்தை அளந்து, பின்னால் 2 அங்குலமாவது காற்று இருக்கிற மாதிரி பாருங்கள். பத்தாவிட்டால் 17-ஐ 22 ஆக்கி, 40 செ.மீ. பக்கத்தைக் குறையுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்:
சக்கர வளைவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் ஃபைபர்கிளாஸில் வார்த்தால் தரை முழுக்க மிச்சம், நான் அப்படித்தான் செய்தேன். அதில் பூசும் ரெசின் பசையின் வாடை பல நாள் நிற்கும். வெளியில் வைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே மாட்டுங்கள், பூவில் அந்த வாடை ஏறக்கூடாது. பலகைப் பெட்டிதான் என்றால், ஈர மூட்டை வைப்பதால் எம்.டி.எஃப். ஊறி உப்பிவிடும், தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்தான் நல்லது.