மாதம் 620 டாலர் இருந்த மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியம் 2,400 ஆகிவிட்டது, என்ன வழி?

தெற்குவாசல் கேட்டது:

எனக்கு 61, மனைவிக்கு 58. சொந்தமாக கன்சல்டிங் செய்கிறேன், அதனால் கம்பெனி இன்சூரன்ஸ் கிடையாது, ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸில்தான் (அமெரிக்க அரசு நடத்தும் இன்சூரன்ஸ் சந்தை) வாங்குகிறோம். இரண்டு பேருடைய வருமானமும் சேர்த்து வருடம் 88,000 டாலர் வரும். 2025-ல் சில்வர் என்ற நடுத்தர பிளானுக்கு அரசு மானியம் போக மாதம் 620 கட்டினோம். 2026 ஜனவரி முதல் அதே பிளானுக்கு 2,400-க்கு மேல் கட்டச் சொல்கிறார்கள். மானியம் ஒரு சென்ட்கூட இல்லையாம். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போனால் வீட்டுக்கடனை எதில் கட்டுவது?

என் சகலை வேறு, "உங்கள் இன்சூரன்ஸுக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்" என்று பொங்கல் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்துவிட்டார். அவர் பெரிய கம்பெனியில் இருக்கிறார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பிரீமியத்தைக் குறைக்க வழி இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், வாதம் அப்புறம்.

பழைய கணக்கன்:

சார், உங்களுக்கு இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது. ஒன்று, கம்பெனிகள் விலையையே ஏற்றியது: 2026-க்கு சராசரியாக 26 சதவீதம். ஆஸ்பத்திரிச் செலவு, எடை குறைக்கும் ஊசி மாதிரி விலை உயர்ந்த மருந்துகள் என்று காரணம் சொல்கிறார்கள். மானியம் குறைந்தால் ஆரோக்கியமானவர்கள் விலகிவிடுவார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள் என்று பயந்தே சுமார் 4 சதவீதம் கூடுதலாக ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய அடி இரண்டாவதுதான். 2021-ல் கொரோனா நேரத்தில் கூட்டிக் கொடுத்த மானியம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதுவரை வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெஞ்ச்மார்க் சில்வர் பிளானுக்கு (மானியத்தைக் கணக்கிட அளவுகோலாக வைக்கும் பிளான்) வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் நாம் கட்ட வேண்டியதில்லை. இப்போது பழைய விதி திரும்பிவிட்டது: வறுமைக்கோட்டின் 400 சதவீதத்தை ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் பூஜ்யம்.

இரண்டு பேர் குடும்பத்துக்கு அந்த 400 சதவீத வரம்பு 2026-க்கு 84,600. நீங்கள் வெறும் 3,400 டாலர் மேலே நிற்கிறீர்கள்! கோட்டுக்குக் கீழே 84,000-க்கு வந்துவிட்டால் அதே பெஞ்ச்மார்க் பிளானுக்கு வருமானத்தில் 9.96 சதவீதம்தான், அதாவது மாதம் 700-க்குள். வருடத்துக்கு 20,000-க்கு மேல் மிச்சம். நீங்கள் சொல்லும் 88,000 தொழில் லாபமா, இல்லை எல்லாம் கழித்த பிறகா? லாபம் என்றால் சுயதொழில் வரியில் பாதி கழியும், அதிலேயே 6,000 போய்விடும், நீங்கள் ஏற்கெனவே கோட்டுக்குக் கீழேதான்.

நேர்கோடு:

வழி சொல்வது சரி. ஆனால் சகலை கேட்டதும் தவறில்லை, அதையும் யாராவது சொல்ல வேண்டும். மானியம் யார் கைக்குப் போகிறது? நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. வாங்குபவருக்கு விலை உறைக்காவிட்டால் விற்பவர் ஏன் குறைக்கப் போகிறார்? பிரீமியத்தில் 80 சதவீதத்தை மருத்துவத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் ஆஸ்பத்திரி பில் ஏற ஏற மீதி 20 சதவீதமும் சேர்ந்தே பெரிதாகிறது. கூட்டிய மானியத்தை நிரந்தரமாக்கினால் பத்து வருடத்துக்கு சுமார் 350 பில்லியன் டாலர் என்று சிபிஓ (அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம்) கணக்குப் போட்டது. அவசரத்துக்குக் கொடுத்ததை அவசரம் முடிந்தும் நிறுத்த முடியவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? பூஜ்ய பிரீமியம் பிளான்களில் ஏஜெண்டுகள் ஆளுக்கே தெரியாமல் பெயர் சேர்த்த கதையும் எல்லோரும் அறிந்ததுதான்.

வெண்டைக்காய்:

நேர்கோடு, மோசடி ஏஜெண்டைப் பிடியுங்கள், யார் வேண்டாம் என்றார்கள். 61 வயதுக்காரர் எங்கே போவார்? 65 வயதில் கிடைக்கும் அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. சின்ன வயதுக்காரரைவிட மூன்று மடங்கு வரை அவரிடம் வாங்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

அப்புறம் சகலையிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: அவருக்காகக் கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு அவர் வருமான வரி கட்டுகிறாரா? கட்டுவதில்லை. அதுவும் அரசு விட்டுக்கொடுக்கும் பணம்தான். இரண்டாம் உலகப் போரின்போது சம்பளத்தை ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது, ஆள் பிடிக்கக் கம்பெனிகள் இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பித்தன, 1954-ல் வரிச் சலுகை சட்டத்திலேயே ஏறிவிட்டது. மொத்தமாகப் பார்த்தால் மார்க்கெட்பிளேஸ் மானியத்தைவிட அது பெரிய தொகை. சம்பளச் சீட்டில் தெரியாததால் யாரும் அதை மானியம் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

விலை குறைய வேண்டும் என்பதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி விலையைத் தொடாமல் மானியத்தை மட்டும் வெட்டினால் விலை குறையாது, ஆள்தான் குறைவார்கள்.

நேர்கோடு:

கம்பெனி வரிச்சலுகையையும் எடுக்கத்தான் வேண்டும் என்பேன். ஒரு அரசியல்வாதியும் வாய் திறக்க மாட்டார். இந்த மானியச் சண்டைக்காக 2025-ல் 43 நாள் அரசாங்கத்தையே மூடி வைத்தார்கள், டிசம்பரில் செனட்டில் இரண்டு கட்சிகளும் தனித்தனியாகக் கொண்டுவந்த மசோதாக்கள் இரண்டுமே 60 ஓட்டு கிடைக்காமல் விழுந்தன. ஆஸ்பத்திரி விலையை இரண்டு பக்கமும் தொடவில்லை.

புதுமழை:

இடையில் ஒரு தகவல். பெற்றோரை கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்கள் கவனியுங்கள். ஐந்து வருடம் முடியாததால் ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்ட் பொதுவாகக் கிடைக்காது, ஆனால் வருமானமே இல்லாவிட்டாலும் மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடைத்துவந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது 2026 ஜனவரி முதல் நின்றுவிட்டது. 2027 முதல் எச்1பி, எச்4 விசாவில் இருப்பவர்களுக்கும் மானியம் கிடையாது.

தெற்குவாசல்:

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் சார், 88,000 எல்லாம் கழித்த பிறகுதான், மனைவியின் பகுதிநேரச் சம்பளமும் சேர்த்து. அப்படியானால் 3,400-ஐ எப்படி இறக்குவது?

பழைய கணக்கன்:

இரண்டு வழி. உங்கள் பெயரில் டிரடிஷனல் ஐஆர்ஏ (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு, போடும் தொகை வருமானத்தில் கழியும்): 2026-க்கு உங்கள் வயதுக்கு 8,600 வரை போடலாம், 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது, எனவே வருடம் முடிந்து வருமானம் தெரிந்த பிறகுகூடப் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் சில்வரைவிடப் பிரீமியம் குறைந்த பிரோன்ஸ் (வெண்கல) பிளான். 2026 முதல் மார்க்கெட்பிளேஸ் பிரோன்ஸ் பிளான் எல்லாவற்றோடும் எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) வைத்துக்கொள்ளலாம், 2026-ல் குடும்பத்துக்கு 8,750 வரை கழியும், 55 தாண்டியவர்களுக்கு ஆளுக்கு இன்னும் 1,000. டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நம் கையிலிருந்து கட்டும் தொகை) பயங்கரமாக இருக்கும், அடிக்கடி டாக்டரிடம் போகிறவர்கள் என்றால் வேண்டாம், ஐஆர்ஏ போதும்.

84,500 என்று விளிம்பில் நிற்காதீர்கள். பேங்க் வட்டி, டிசம்பரில் வரும் மியூச்சுவல் ஃபண்ட் டிவிடெண்ட், எல்லாம் கணக்கில் ஏறும். தாண்டிவிட்டால் மாதாமாதம் முன்பணமாக வாங்கிய மானியம் முழுவதையும் வரி தாக்கல் செய்யும்போது திருப்பிக் கட்ட வேண்டும். 80,000 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உடனே மார்க்கெட்பிளேஸ் கணக்குக்குள் போய் வருமான மதிப்பீட்டை மாற்றிவிடுங்கள், பிப்ரவரி பில்லில் குறையும். ஜனவரி போனது போனதுதான் என்று விட்டுவிட வேண்டாம், அந்த மாதத்துக்கான மானியத்தையும் வரி தாக்கலில் கேட்டு வாங்கலாம், ஆனால் அந்த மாத பிரீமியத்தை முழுதாகக் கட்டியிருக்க வேண்டும்.