மாந்தோப்பில் பூச்சி பிடித்துச் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டுமா?

காரிமங்கலம் தோப்பு:
எட்டாவது படிக்கும் பையன் வண்டு, பட்டாம்பூச்சி எல்லாம் பிடித்துப் பெட்டியில் குத்தி வைக்க ஆசைப்படுகிறான். எங்கள் தோப்பில் பிடிக்க அனுமதி வாங்கணுமா? ஒகேனக்கல் போகும்போது வலை கொண்டு போகலாமா? மனு யாரிடம் கொடுப்பது?

மேலகிரி:
பொழுதுபோக்குக்கென்று தனி பர்மிட் சட்டத்திலேயே இல்லைங்க. 1972 வனஉயிரினச் சட்டம் 12ஆம் பிரிவில் கல்வி, ஆராய்ச்சி, அருங்காட்சியகம் போன்ற காரணங்களுக்குத்தான் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதி தருவார். மனுவில் இனம், எண்ணிக்கை, இடம், காலம், பிடிக்கும் முறை, மாதிரிகளைக் கடைசியில் எங்கே வைப்பீர்கள் என்பதெல்லாம் இருக்கணும். பின்னால் ஒரு கல்லூரியோ ஆய்வு நிலையமோ நிற்கணும். பாதுகாக்கப்பட்ட இனங்களை இந்தச் சட்டம் அட்டவணைகளில் பட்டியல் போட்டிருக்கிறது; அட்டவணை 1 இனமென்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும்.

ஒகேனக்கலுக்கு வலை வேண்டவே வேண்டாம். பென்னாகரம் தாண்டினால் காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) சரணாலயங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றன. சரணாலயத்துக்குள் அட்டவணையில் இல்லாத சாதாரணப் பூச்சிக்கும் பாதுகாப்பு உண்டு. அங்கே வேட்டை என்று வழக்குப் பதிந்தால் 3 முதல் 7 வருடம் சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உயிரோடு பிடிப்பதும் சட்டப்படி வேட்டைதான்.

உங்கள் தோப்பில் அட்டவணையில் இல்லாததைப் பிடிக்கத் தடையில்லை. எருக்குழியில் வரும் காண்டாமிருக வண்டு, மாம்பழ ஈ, தத்துப்பூச்சி தாராளமாகப் பிடிக்கலாம். அட்டவணை இனம் மட்டும் பட்டா நிலத்திலும் கூடாது.

காரிமங்கலம் தோப்பு:
நன்றிங்க. பட்டாம்பூச்சியில் எது அட்டவணை என்று பையனுக்கு எப்படித் தெரியும்?

ஆடுதீண்டாப்பாளை:
பெரியவர்களே ஏமாறுவார்கள் சார். எலுமிச்சை, கறிவேப்பிலையில் வளரும் காமன் மார்மன் பட்டாம்பூச்சியின் பெண் பூச்சிகளில் ஒரு வகை, கிரிம்சன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியை அச்சாகக் காப்பியடிக்கும். கறுப்பு இறக்கை, முன்னால் வெள்ளைப் பட்டை, பின்னால் சிவப்புப் புள்ளி எல்லாம் ஒன்றுதான். உடம்பைப் பாருங்கள்: மார்மனுக்குக் கறுப்பு, கிரிம்சன் ரோஸுக்குத் தலையும் வயிறும் ரத்தச் சிவப்பு. வனஉயிரினச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கு முன் கிரிம்சன் ரோஸ் அட்டவணை 1இல் இருந்தது. திருத்தத்தில் பட்டியலே மாறிவிட்டதால் பழைய புத்தகங்களை நம்பாமல், இப்போதைய அட்டவணையில் அறிவியல் பெயரை வைத்துத் தேடுங்கள். என்னைக் கேட்டால் பட்டாம்பூச்சிக்குக் கேமரா, பெட்டிக்கு வண்டு. கண்ணாடிச் சட்டத்தில் விற்கிற பட்டாம்பூச்சியையும் வாங்காதீர்கள். அட்டவணை இனமாக இருந்தால் வைத்திருப்பதே வழக்காகும்.

ஊசிப்பெட்டி:
பெட்டி விஷயம். பூச்சியை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள், பெரிய வண்டுக்கு இரண்டு நாள். குண்டூசி துருப்பிடிக்கும்; பூச்சிக்கென்று விற்கும் 38 மி.மீ. எவர்சில்வர் ஊசி, தடிமனில் 2ஆம் நம்பர் வாங்குங்கள். வண்டுக்கு வலது மேலிறக்கையில் (முதுகை மூடும் கெட்டியான இறக்கை) குத்தணும், நடுவில் குத்தினால் இரண்டு மேலிறக்கையும் பிளந்துகொள்ளும். ஊசியில் மேலே கால் பங்கு விடுங்கள், எடுக்கப் பிடி வேண்டுமே.

அந்துருண்டையைத் தெர்மாகோல் மேல் வைத்தால் தெர்மாகோல் இளகிக் குழிவிழும், ஊசி சாயும். அதனால் பெட்டியின் அடியில் தெர்மாகோலுக்குப் பதில் ஈவிஏ ஃபோம் (ரப்பர் போல மெத்தென்ற தகடு) ஒட்டுங்கள். ஒவ்வொரு ஊசியிலும் ஊர், தாலுகா, தேதி, எந்தச் செடியில் கிடைத்தது, பிடித்தவர் பெயர் எழுதின துண்டுச்சீட்டு அவசியம். சொந்த நிலத்தில் எடுத்தது என்று பின்னால் காட்ட அந்தச் சீட்டுதான் கையில் இருக்கும்.