‘புரொஜெக்‌ஷன்’ என்பதற்கு முன்னுரைப்பு போதாது: எதிர்காலம் பற்றிய கலைச்சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

‘ஃபோர்காஸ்ட்’, ‘பிரடிக்‌ஷன்’, ‘புரொஜெக்‌ஷன்’ ஆகிய மூன்றுக்கும் ‘முன்னுரைப்பு’ என்னும் ஒரே சொல் போதும் என்றும், வேறுபாடு தேவைப்படும் இடத்தில் சூழலே பொருளை உணர்த்திவிடும் என்றும் இங்கு முன்வைக்கப்பட்ட கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பொருளியல் வளர்ச்சி, பணவீக்கம், மழை, மக்கள்தொகை, கடல்மட்டம் என்று சிங்கப்பூர்த் தமிழர் செய்திகளில் காணும் எண்களில் பல வருங்காலத்தைப் பற்றியவை. ஓர் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் கூற்று எத்தகையது என்பதைச் சொல்தான் காட்டியாக வேண்டும். ஒற்றை வரித் தலைப்பில் சூழலுக்கு இடமேது?

முதலில் ‘புரொஜெக்‌ஷன்’. 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5.0 பாகை செல்சியஸ் வரை உயரக்கூடும் என்றது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஆய்வாளர்களின் தடுமாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. உலகம் கரிம வெளியேற்றத்தை விரைவாகக் குறைத்தால் ஒரு விளைவு, குறைக்காமல் விட்டால் வேறொரு விளைவு என்று வெவ்வேறு பாதைகளுக்குத் தனித்தனியே கணக்கிட்டதால் வந்த இடைவெளி அது. 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பதும் மிகுந்த வெளியேற்றம் தொடரும் பாதைக்கு உரிய எண்ணே. அதை ‘1.15 மீட்டர் உயரும் என முன்னுரைக்கப்பட்டுள்ளது’ என்று தமிழில் எழுதினால், ‘இவ்வாறு நடந்தால்’ என்னும் நிபந்தனை அப்படியே உதிர்ந்துவிடுகிறது. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவின் சொற்களஞ்சியமும் இதே காரணத்துக்காகவே ‘பிரடிக்‌ஷன்’, ‘புரொஜெக்‌ஷன்’ இரண்டையும் பிரித்து வரையறுக்கிறது.

நம் ஊரில் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு 2013 ஜனவரியில் வெளிவந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை. 2030க்குள் மக்கள்தொகை 65 முதல் 69 இலட்சம் வரை இருக்கலாம் என்று அது கூறியதும் நாடெங்கும் எழுந்த விவாதத்தையும், அடுத்த மாதம் ஹோங் லிம் பூங்காவில் மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கத் திரண்டதையும் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். 69 இலட்சம் என்பது எட்ட வேண்டிய இலக்கு அன்று, உள்கட்டமைப்பைத் திட்டமிடுவதற்காகக் கொள்ளப்பட்ட அளவு என்று அரசாங்கம் விளக்கியது. அந்தக் கொள்கையை ஆதரித்தவர், எதிர்த்தவர் எவராயினும், அந்த எண் இலக்கா, கணிப்பா, திட்ட அளவா என்பதே வாதத்தின் மையமாக இருந்தது. அத்தகைய வாதத்தைத் தமிழில் நடத்துவதற்கு மூன்று தனிச்சொற்கள் வேண்டும். ‘இலக்கு’ நம்மிடம் உண்டு. ‘திட்ட அளவு’ என்றால் எவருக்கும் விளங்கும். நடுவில் நிற்கும் ‘புரொஜெக்‌ஷன்’ என்பதற்குத்தான் உறுதியான சொல் இல்லை.

வடிவியலில் ‘புரொஜெக்‌ஷன்’ என்பதற்குப் பாடநூல்களில் வழங்கும் ‘வீழல்’ இங்கே பொருந்தாது; மக்கள்தொகையோடு சேர்த்தால் ‘வீழ்ச்சி’ என்றே காதில் விழும். ‘நீட்டுக்கணிப்பு’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. சென்ற காலப் போக்கை அப்படியே முன்னோக்கி நீட்டும் முறைக்கு அது நல்ல சொல்தான். ஆனால் எல்லா ‘புரொஜெக்‌ஷன்’களும் பழைய போக்கின் நீட்சி அல்ல. ‘நிபந்தனைக் கணிப்பு’ ஒப்பந்தப் பத்திரத்தின் மணத்தோடு வருகிறது. எனவே, இன்னது நடக்கும் என்று வைத்துக்கொள்வதை எடுகோள் என்போமாதலால், ‘எடுகோள்வழிக் கணிப்பு’ என்பதை முழுவடிவமாகவும், முதல்முறை விளக்கிய பிறகு ‘வழிக்கணிப்பு’ என்பதைச் சுருக்கமாகவும் கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘வழி’ என்னும் சொல் எடுகோளின் வழியே வந்தது என்பதோடு, இன்ன பாதையில் சென்றால் என்னும் பொருளையும் தருவது இதன் கூடுதல் பயன்.

அடுத்து ‘ஃபோர்காஸ்ட்’. 1861இல் பிரிட்டனில் செய்தித்தாள் வழியே பொதுமக்களுக்கு வானிலை அறிக்கை தரத் தொடங்கிய கடற்படை அதிகாரி ஃபிட்ஸ்ராய், தாம் தருவது ஆரூடமோ ‘பிரடிக்‌ஷனோ’ அன்று என்றும், அறிவியல் முறையில் தொகுத்துக் கணக்கிட்டதன் விளைவான கருத்துக்கே ‘ஃபோர்காஸ்ட்’ என்னும் பெயர் பொருந்தும் என்றும் வலியுறுத்தினார். அவர் வைத்த அந்த அளவுகோலை நாமும் கைக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கணக்கீடு பின்னால் இருக்க வேண்டும். இன்ன காலத்துக்கு என்னும் வரம்பு இருக்க வேண்டும். அந்தக் காலம் வந்ததும் சரியா தவறா என்று சரிபார்க்க முடிய வேண்டும். வர்த்தக, தொழில் அமைச்சு வெளியிடும் பொருளியல் வளர்ச்சி எண் இந்த மூன்றையும் நிறைவு செய்கிறது. ஆண்டு முடிந்ததும் உண்மை வளர்ச்சியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். வழிக்கணிப்பை அவ்வாறு ஒப்பிட இயலாது. அது எடுத்துக்கொண்ட பாதையில் உலகம் செல்லவில்லை என்றால், கணிப்பு தவறிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் வழங்கும் ‘முன்னறிவிப்பு’ இதற்குத் தடுமாற்றம் தரும் சொல். ‘முன்னறிவிப்பின்றிக் கடை மூடப்படலாம்’ என்னும் இடத்தில் அது வெறும் தகவல். இலங்கையில் வேரூன்றிய ‘எதிர்வுகூறல்’ அழகும் தெளிவும் உடையது. வினையாகவும் எளிதில் நடக்கிறது. ஆனால் அதிலும், சிங்கப்பூரில் பழகிய ‘முன்னுரைப்பிலும்’ முன்னிற்பது கூறும் செயலே, கணக்கிடும் செயல் அன்று. ஒருவர் தம் பட்டறிவைக் கொண்டு ‘இந்தத் தேர்தலில் இன்னார் வெல்வார்’ என்று சொல்லும்போது அவ்விரண்டும் சாலப் பொருந்தும். ‘ஃபோர்காஸ்ட்’ என்பதற்கு நான் ‘முன்கணிப்பு’ என்பதையே கேட்பேன். முன்கணித்தது, முன்கணிப்பாளர், முன்கணிக்கவியலாத என்று தேவையான வடிவங்கள் எல்லாம் அதிலிருந்து தடையின்றிக் கிடைக்கின்றன.

அப்படியானால் ‘பிரடிக்‌ஷன்’ என்பதற்கும் அதுவே போதாதா என்று கேட்கலாம். கணினி தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றலில் இச்சொல் பெற்றுவிட்ட பொருளைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒரு நிழற்படத்தைக் கொடுத்தால் அதிலிருப்பது பூனையா நாயா என்று நிரல் சொல்வதையும் அங்கே ‘பிரடிக்‌ஷன்’ என்றே அழைக்கிறார்கள். அதில் எதிர்காலம் என்பதே இல்லை; படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஆகவே அங்கு ‘முன்’ ஒட்டு பிழையாகிவிடும். ‘கணிப்பு’ என்று மட்டும் எழுதுவதே சரி.

‘ஆன்டிசிபேட்’ என்னும் வினையைப் பற்றி நிறைய யோசித்தேன். வரப்போவதை அறிவதோடு நில்லாமல், அது வருமுன்னே அதற்குரியதைச் செய்துவிடுவதும் அதன் பொருளில் அடக்கம். இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. திருக்குறளில் அறிவுடைமை அதிகாரத்திலேயே ‘அறிவுடையார் ஆவதறிவார்’ என்று அறிதலை மட்டும் சொல்லும் குறளும் உண்டு. இரண்டு குறள் தள்ளி ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்று அறிந்து காத்தலைச் சொல்லும் குறளும் உண்டு. ஆனால் ‘எதிர்காப்பு’ என்று பெயராக்கினால் எதிரியிடமிருந்து காத்துக்கொள்வதாகப் பொருள் திரிகிறது. ‘எதிர்நோக்கு’ என்பதோ இங்கும் மலேசியாவிலும் ‘நெருக்கடியை எதிர்நோக்குகிறது’ என்று, வந்துவிட்டதைச் சந்திக்கும் பொருளில் நிலைத்துவிட்டது. எனவே இதற்குப் பெயர்ச்சொல் தேடி அலைய வேண்டாம் என்றே தோன்றுகிறது. ‘கூட்டத்தை முன்னறிந்து பேருந்துகளைக் கூட்டினர்’ என்று வினையெச்சம் போட்டால் அறிதலும் செயலும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. அடைமொழி தேவைப்படும் பொறியியலில் ‘முன்னறி கட்டுப்பாடு’ என்று வினைத்தொகையாக எழுதலாம்.

‘எக்ஸ்பெக்ட்’ என்பதற்கு ‘எதிர்பார்’ நன்றாகவே பொருந்துகிறது, இரண்டு இடங்களைத் தவிர. சுற்றறிக்கைகளில் ‘ஊழியர்கள் 9 மணிக்கு வருவர் என எதிர்பார்க்கப்படுகிறது’ என்று வருவது உண்மையில் கட்டளை. ‘வர வேண்டும்’ என்று எழுதுவதே முறை. புள்ளியியலில், பகடையைப் பலமுறை உருட்டினால் வரும் சராசரியான ‘எதிர்பார்ப்பு மதிப்பு’ 3.5. எந்தப் பகடையிலும் 3.5 விழாது, எவரும் அதை எதிர்பார்க்கவும் மாட்டார்கள். மாணவர்களை ஆண்டுதோறும் குழப்பும் இச்சொல்லை ‘நிகழ்தகவுச் சராசரி’ என்று மாற்றலாமா என்பதைக் கணித ஆசிரியர்கள் சொன்னால் நன்று.

வானிலைத் துறையில் இன்னும் இரண்டு சொற்கள் நிலுவையில் உள்ளன. அடுத்த இரண்டு மணி நேரத்துக்குரிய ‘நவ்காஸ்ட்’ என்பதை ‘உடனடி முன்கணிப்பு’ எனலாம். நான்கு நாள்களுக்கும் இரு வாரங்களுக்கும் வெளியாகும் ‘அவுட்லுக்’ என்பதற்கு ‘வருநிலை’ என்று பரிந்துரைக்கிறேன். எந்த நாளில் எந்த வட்டாரத்தில் மழை என்று அறுதியிடாமல் பொதுப்போக்கை மட்டும் சொல்லும் அறிக்கைக்கு அதுவே போதும்.

‘வழிக்கணிப்பு’ என்பதன் வினை வடிவம் மட்டும் எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. ‘வழிக்கணித்தது’ செயற்கையாக ஒலிக்கிறது. ‘இந்த எடுகோளின்வழி 1.15 மீட்டர் எனக் கணிக்கப்படுகிறது’ என்று பிரித்து எழுதுவதே இப்போதைக்கு நல்லது என்பது என் கருத்து. மொழிபெயர்ப்பிலும் செய்தித்துறையிலும் பணிபுரியும் அன்பர்கள் தத்தம் வாக்கியங்களில் இதை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று எழுத வேண்டுகிறேன்.