பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 2 டைமன் என்று துணிந்து கேட்பவரை எப்படி மாட்டுவது?

நரிமேட்டுக்காரன்:
ஞாயிறு சாயங்காலம் தல்லாகுளத்தில் நாலு பேர் பிரிட்ஜ் ஆடுகிறோம். என் வலது பக்கத்து அண்ணன், ஒரே இனத்தில் அஞ்சு சீட்டு சேர்ந்தால் போதும், வல்னரபிளா (அபராதமும் பரிசும் கூடுதலான நிலையா) என்றுகூடப் பார்க்காமல் ஓவர்கால் போட்டுவிடுவார், அதாவது நாங்கள் ஏலம் திறந்த பிறகு மேலே கேட்பார். போன வாரம் பார்ட்னர் 1 இஸ்பேட் திறந்தார், அண்ணன் 2 டைமன், அதாவது டைமன் துருப்பாக எட்டுப் பிடி எடுப்பதாக. என் கையில் டைமன் ராஜா, ஜாக், 10, 9, 4. இஸ்பேட் ஒத்தை, ஹார்ட் ராஜாவோடு நாலு, கிளாவர் ஏஸோடு மூணு. டபுள் என்றால் எதிராளி தோற்கும்போது அபராதத்தைக் கூட்டுவது; ஆனால் இங்கே நான் போட்டால் எங்களுக்கு அது நெகட்டிவ் டபுள், கேட்காத மற்ற இனங்கள் என்னிடம் இருக்கின்றன என்ற சேதி. பார்ட்னர் ஹார்ட்டுக்குப் போய்விடுவார். என்ன வழி?

திருமங்கலம் வாத்தியார்:
பாஸ் சொல்லுங்க தம்பி. 1957-இல் ஆல்வின் ராத் நெகட்டிவ் டபுளைக் கொண்டுவந்ததிலிருந்து, அதை ஆடுகிறவர்களுக்கு இந்த மாதிரி கைக்குப் பாஸ்தான் வழி. மீதி வேலை பார்ட்னருடையது. ஏலம் அவரிடம் திரும்பும்போது அவர் கையில் டைமன் ஒன்றோ இரண்டோதான். இடது பக்கத்து ஆளும் டைமனைத் தூக்கவில்லை. அப்படியென்றால் டைமன் எங்கே? உங்களிடம்தான். சுமாரான கையானாலும் அவர் டபுள் போட வேண்டும், நீங்கள் மறுபடி பாஸ். அவரிடமே மூணு, நாலு டைமன் இருந்தால் சும்மா இருக்கலாம்.

ஒன்று முக்கியம். அந்தப் பாஸை வழக்கமான வேகத்தில் சொல்லுங்கள். இழுத்து யோசித்துச் சொன்னால் பார்ட்னருக்குச் சேதி போய்விடும், அது நேர்மையான ஆட்டம் இல்லை.

மேலூர் அக்கா:
வாத்தியார் சொல்வது சரி. ஆனால் புள்ளியையும் பார்க்கணும். அவர்கள் வல்னரபிள், நீங்கள் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம்: டபுள் போட்ட பிறகு அவர்களுக்கு ரெண்டு பிடி குறைந்தாலே உங்களுக்கு 500, மூணு குறைந்தால் 800. நீங்கள் 3 நோ டிரம்ப் (துருப்பில்லாமல் ஒன்பது பிடி) கேட்டு ஜெயித்தால் 400தானே! நிலைமை தலைகீழானால் கணக்கு மாறும். மூணு பிடி குறைந்தும் 500தான், 3 நோ டிரம்ப் போன்ற உங்கள் கேமுக்கோ (பெரிய பரிசு தரும் கேள்வி) 600. அப்போது கேம் கண்ணில் தெரிந்தால் அதையே கேளுங்கள்.

நரிமேட்டுக்காரன்:
நன்றி சார், நன்றிக்கா. அன்றைக்கு அவர்கள்தான் வல்னரபிள். அப்புறம், பார்ட்னர் கையில் ஆறு இஸ்பேட், டைமன் ஒத்தை என்றாலும் டபுள்தானா?

திருமங்கலம் வாத்தியார்:
இஸ்பேடுக்கு வெளியே ஏஸ், ராஜா இருந்தால் டபுள். பலமெல்லாம் இஸ்பேடிலேயே அடைந்து கிடந்தால் 2 இஸ்பேட் கேட்கட்டும். அந்தக் கையை வைத்து எதிராளியைத் தடுக்க முடியாது.