‘பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்’ = உடன்காலக் கருவி?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் இசைப் படைப்பு எழுதப்பட்ட காலத்துக்கு உரிய வகைக் கருவியை ஆங்கிலத்தில் ‘பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: பழங்கருவி, காலக் கருவி, மரபுக் கருவி. மூன்றிலும் எனக்குத் தயக்கம். ஓர் இசைத்தட்டை வைத்தே சொல்கிறேன்.

2012இல் ஈ.சி.எம். என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் தொகுப்பில் பியானோ கலைஞர்கள் அலெக்சேய் லுபிமோவும் அலெக்சேய் சூயெவும் அவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியவற்றை இரு பியானோக்களில் வாசிக்கிறார்கள். அவற்றில் ‘ஃபான்’ முன்னிசை என்ற படைப்பை இரு பியானோவுக்கு மாற்றியவர் தெபுஸ்ஸியே, 1895இல். ‘நாக்டர்ன்’ என்ற மூன்று படைப்புகளை மாற்றியவர் இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ராவெல். தொகுப்பில் ஒலிப்பவை ஸ்டைன்வே நிறுவனத்தின் 1913ஆம் ஆண்டுப் பியானோ, பெக்ஸ்டைன் நிறுவனத்தின் 1925ஆம் ஆண்டுப் பியானோ.

பழையதாக இருந்தால் போதும் என்றால், அதே ஸ்டைன்வேயில் மோட்சார்ட் வாசித்தாலும் அது பழங்கருவிதானே? ஆனால் 1791இல் இறந்த மோட்சார்ட்டுக்கு இரும்புச் சட்டம் போட்ட அந்தப் பியானோ முற்றிலும் அந்நியம். மறுபக்கம், அவர் வைத்திருந்த, வால்டர் என்பவர் செய்த ஃபோர்ட்டெபியானோவை (பியானோவின் முந்தைய வடிவம்) பார்த்து ஒரு கைவினைஞர் போன வருஷம் செய்த நகலும் இந்த வகையில் சேரும். ஆக, கருவிக்கு எத்தனை வயது என்பது இங்கே கணக்கில்லை, எந்தப் படைப்பின் காலத்தோடு அது சேருகிறது என்பதுதான் கணக்கு.

காலக் கருவி என்றால் கடிகாரம் நினைவுக்கு வருகிறது. மரபுக் கருவி என்றால் பறையும் நாதஸ்வரமும். சமகாலக் கருவி சரியாக இருந்திருக்கும், ஆனால் அந்தச் சொல்லை நம் காலத்துக்கென்று எழுதிவைத்துவிட்டோம். எனவே என் முன்மொழிவு: உடன்காலக் கருவி. ‘உடன்’ என்றதும் எதனுடன் என்ற கேள்வி தானே வருகிறது, அதுதான் வேண்டும். “ஃபோர்ட்டெபியானோ மோட்சார்ட்டுக்கு உடன்காலக் கருவி, ராவெலுக்கு அல்ல” என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை.

தெபுஸ்ஸி 1918இல் மறைந்தார், 1925 பியானோ எப்படி உடன்காலம் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டை விடக் கட்டுமானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன், அது தெபுஸ்ஸி காலத்தில் இருந்த கட்டுமானமா என்று. ஸ்டைன்வே 1859இல் கிராண்ட் பியானோவுக்குக் குறுக்குக்கம்பி முறையில் காப்புரிமை பெற்றது: தாழ்சுருதிக் கம்பிகள் மற்றவற்றின் மேலே சாய்ந்து செல்லும், ஒலி ஒன்றோடொன்று கலந்து பெருகும். பாரீஸின் எரார் நிறுவனமோ கம்பிகள் ஒன்றையொன்று கடக்காமல் செல்லும் நேர்க்கம்பியை இருபதாம் நூற்றாண்டிலும் விடவில்லை. அதில் தாழ், இடை, உச்சப் பகுதிகள் தனித்தனி நிறத்தில் ஒலிக்கும். ஆர்கெஸ்ட்ராவைப் பியானோவில் கேட்பவருக்கு இது பெரிய விஷயம். ‘ஃபான்’ ஒற்றைப் புல்லாங்குழலில், துணையேதும் இல்லாமல் தொடங்குகிறது. குழலின் நீண்ட சுரத்தை மூச்சு தாங்கும், பியானோவிலோ தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேய ஆரம்பிக்கும். அந்தத் தேய்வு எப்படி அமைகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். லுபிமோவ் போன்றவர்கள் கருவியைத் தேடித் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். சொல்லைத் தேடும் நாமும் அதே அக்கறையோடு தேட வேண்டும்.

அப்புறம், ஆர்கெஸ்ட்ராவுக்குப் பல்லியம் போதும், நெடும்பல்லியத்தனார் என்று சங்கப் புலவர் பெயரிலேயே இருக்கிறது. ஒரு கருவிக்கு எழுதியதை இன்னொன்றுக்கு எழுதுவதைக் கருவிமாற்று எனலாம். படியெடுப்பு வேண்டாம், நகல் என்று பொருள்படும்.

நேர்க்கம்பி, குறுக்குக்கம்பி இரண்டும் நானே போட்டவை. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் இங்கே இருந்தால், பட்டறையில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.