2040-ல் எத்தனை டாக்டர்கள் வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பொன்வண்டு:
பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். 2040-ல் ஒரு நாட்டுக்கு எத்தனை மருத்துவர்கள் தேவை என்று திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மக்கள்தொகையை எடுத்து, ஆயிரம் பேருக்கு ஒரு டாக்டர் என்று போட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. எதை விட்டுவிட்டேன்?

வேப்பமரம்:
பயம் நியாயமானது. சுகாதாரத் துறையில் பணியிடத் திட்டப் பிரிவில் 19 வருஷம் இருந்தவன் நான். முதல் தடவை நானும் இப்படித்தான் போட்டேன். மேலதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்து, "இதில் 55 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், ஒரு மாவட்டத்தில் மயக்க மருத்துவர்கள் மூன்றே பேர். மூவருக்கும் நான்கு வருஷத்துக்குள் ஓய்வு. அவர்கள் போய்விட்டால் அறுவை நிபுணர் இருந்தும் சிசேரியன் செய்ய முடியாது. தலைகளை மட்டும் எண்ணினால் இது கண்ணில் படாது.

அடுத்தது, காலம். இன்று சேரும் மாணவர் நிபுணராக வெளியே வரப் பத்து வருஷம் போல ஆகிவிடும். பிரான்ஸ் 1971-ல் மருத்துவப் படிப்புக்கு வரம்பு வைத்தது. எழுபதுகளில் 8,000-க்கு மேல் இருந்த இடங்கள் 1993-ல் 3,500 ஆகிவிட்டன. டாக்டர் குறைந்தால் செலவும் குறையும் என்று நினைத்தார்கள். அதிகம் பேர் படித்த தலைமுறை ஓய்வு பெறத் தொடங்கியதும், பல ஊர்களில் குடும்ப மருத்துவரே கிடைக்கவில்லை. 2020-ல் அந்த முறையையே கைவிட்டார்கள். ஆனால் அப்போது சேர்ந்தவர்கள் வந்து சேர இன்னும் வருஷங்கள் ஆகும். எனக்கு இதை நினைத்தாலே மனசு கனக்கும்.

எம்.பி.பி.எஸ். இடங்களைக் கூட்டினால் போதும் என்றும் எழுதிவிடாதீர்கள். மேற்படிப்பு இடமும், சொல்லித்தர ஆசிரியரும் இல்லாவிட்டால், படித்து வந்தவர்கள் நிபுணராக முடியாமல் அங்கேயே தேங்கிவிடுவார்கள்.

தூறல்:
நான் புறநோயாளிப் பிரிவில் இருக்கிறேன். ஒரு காலையில் 90 பேர் பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அதே மாத்திரையைத் திரும்ப எழுதி வாங்க வருபவர்கள். பயிற்சி பெற்ற செவிலியர் இதைப் பார்த்தால், நெஞ்சு வலியோடு வந்தவருக்கு நான் பத்து நிமிஷமாவது கொடுக்கலாம். தேவையைக் கணக்கிடும்போது அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்பதையும் சேருங்கள், தம்பி. பகுதிநேரமாக வேலை பார்ப்பவர்களை முழு ஆளாக எண்ணிவிடாதீர்கள்.

பொன்வண்டு:
நன்றி. அப்படியானால் 2040-க்கு ஒரே எண் என்று சொல்லவே முடியாதா?

வேப்பமரம்:
ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். நெதர்லாந்தில் இதற்கென்றே ஓர் அமைப்பு 1999-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் எத்தனை பயிற்சி இடம் வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு முறை திரும்பக் கணக்குப் போடுகிறார்கள். நீங்களும் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எழுதி, எப்போது திருத்துவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், வயது விவரத்துக்கு மருத்துவ கவுன்சில் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். இறந்தவர்கள், வெளிநாடு போனவர்கள் பெயரெல்லாம் அதில் அப்படியே கிடக்கும். சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.